கரண்ட் போனால் மீனுக்கு மூச்சு எங்கே?

எங்கள் ஆம்பூர் பக்கம் வீட்டிலிருந்தபடியே ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்கள் அதிகம். நானும் அதில் ஒருத்தி. கூடவே மூன்று கண்ணாடித் தொட்டிகளில் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்து, தெருப் பிள்ளைகளுக்கு விற்கிறேன். பெரிய வருமானம் இல்லைதான். ஆனால், மகளின் டியூஷன் ஃபீஸ் அந்தச் சிறுவாட்டுக் காசில்தான் ஓடுகிறது.

போன கோடையில் எதிர்வீட்டு அக்காவின் தொட்டியில் ஒரே ராத்திரியில் பதினோரு மீன்கள் செத்து மிதந்தன. 'யாரோ கண்ணு வச்சுட்டாங்க' என்று புலம்பினார். கண்ணாவது, திருஷ்டியாவது! ராத்திரி பூரா கரண்ட் இல்லை. பம்ப் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தங்குவது, 30 டிகிரியில் ஏழரைதான். வேலூர் வெயிலைக் கேட்க வேண்டுமா? கோல்டு ஃபிஷ் திணறிவிடும். ஃபைட்டர் மீன் நம்ம ஊர் விரால் மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் தாக்குப் பிடிக்கும். தண்ணீரை மாற்றிச் சமாளிக்கலாம் என்றால், பாலாற்றங்கரை போர் தண்ணீர் எப்படி என்று ஊருக்கே தெரியும். தோல் கழிவு பற்றி 1996-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியும், இன்னும் பல இடங்களில் வாயில் வைக்க முடியவில்லை.

என்ன செய்யலாம்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர் பம்ப் பிளக்கை அந்த லைனில் மாற்றிவிடுங்கள். நாலைந்து வாட்தான் இழுக்கும். ஹீட்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரியும், 12 வோல்ட்டில் ஓடும் ஏர் பம்பும் வாங்கலாம். கணக்கு சுலபம்: 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84. பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அது 42. நாலு வாட் பம்ப் பத்து மணி நேரம் ஓடும். பாசிட்டிவ் ஒயரில் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். பேட்டரியை மூடிய அலமாரியில் வைக்கக் கூடாது.

ஒரே ஒரு சின்னத் தொட்டி என்றால், செல்போன் பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி பம்ப் போதும். சில பவர் பேங்குகள், 'இழுப்பு குறைவு' என்று தானாகவே அணைந்துவிடும். பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கி, பம்பைக் கெடுத்துவிடும்.

எதுவுமே இல்லாத நேரத்தில், ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால், கரண்ட் வரும்வரை தாங்கும். அதுவரை தீனி போட வேண்டாம். பல மணி நேரம் நின்ற ஃபில்டர் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிவிட்டே மறுபடி ஓட்டுங்கள். தேங்கிய அழுக்கு மொத்தமாக இறங்கினால் அதுவும் விஷம்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வந்தால், முந்தின நாளே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடுவேன். கடையில் அழகான மீனைப் பார்த்துப் பர்ஸைத் திறக்கும் சகோதரிகளே, முதலில் பேட்டரிக்கு ஒரு வழி பண்ணுங்கள். 'மூச்சு முட்டுது' என்று நம்மை எழுப்பிச் சொல்ல, அந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதே!

— ஒரு வாசகி, ஆம்பூர்.