பழைய காசு எவ்வளவு பெறும்?



நம் எல்லார் வீட்டிலும் சாமி மாடத்திலோ, பாட்டியின் சுருக்குப்பையிலோ செல்லாத பழைய காசு நாலைந்து கிடக்கும். "இதுக்கெல்லாம் லட்சக்கணக்குல தர்றாங்களாம்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அது உண்மையா? முழுப் பரீட்சை லீவில் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

லீவுக்கு நானும் அப்பத்தாவும் மதுரையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அக்காவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். அதனால் அப்பத்தா தன்னிடம் இருந்த 9 பழைய காசுகளையும் முடிந்து எடுத்து வந்திருந்தது. மீனாட்சியம்மன் கோவில் பக்கம் ஒரு சந்தில் பழைய நாணயக் கடை இருக்கிறது. அத்தை எங்களை அங்கே கூட்டிப்போனார். கடை நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுதான். கடைக்காரத் தாத்தா ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னத் தராசு, ஒரு காந்தம் மூன்றும் வைத்திருந்தார்.

அவர் முதலில் ஒரு செப்புக் காசை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். "இது ராஜராஜ சோழன் காசு தாயி. ஆயிரம் வருசம் ஆச்சு. விலை முந்நூறு ரூவா" என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. அடுத்து ஒரு புத்தகத்தில் 1939-ஆம் வருட வெள்ளி ரூபாயின் படத்தைக் காட்டினார். "இது அசலாக் கிடைச்சா லட்சத்துக்கு மேல போகும்" என்றார்.

ஆயிரம் வருடக் காசு 300 ரூபாய், நூறு வருடம்கூட ஆகாத காசு லட்சமா? "ஏன் தாத்தா அப்படி?" என்று கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள்:

1. எத்தனை மிஞ்சியிருக்கிறது? ராஜராஜன் காசு ஏராளமாக அடிக்கப்பட்டது. இன்றும் நிறையக் கிடைக்கிறது. 1939 ரூபாய் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. அதனால் 1938 ரூபாயில் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய போலிகளும் வருமாம். அதற்குத்தான் பூதக்கண்ணாடி.

2. என்ன நிலையில் இருக்கிறது? எழுத்தும் முகமும் தேயாமல் இருந்தால் விலை கூடும். நாம் பளபளப்பாக்குகிறோம் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறோம். தேய்த்தால் விலை குறையும். பழைய காசைத் தேய்க்கவே கூடாது.

3. என்ன உலோகம்? 1939 வரை வந்த வெள்ளி ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1940-லிருந்து பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் ஒட்டும்.

4. யாருக்கு வேண்டும்? சேகரிப்பவர்கள் தேடினால்தான் விலை. யாரும் தேடாவிட்டால் எவ்வளவு பழசானாலும் சும்மாதான்.

அப்புறம் எங்கள் காசுகளைப் பார்த்தார். புலி படம் போட்ட 1947 ரூபாய் ஒன்று டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் வெள்ளி என்று அப்பத்தா இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது! ஓட்டைக் காலணா மூன்று, தாமரை போட்ட 20 பைசா இரண்டு, நயா பைசா ஒன்று. இவற்றுக்குப் பெரிய விலை இல்லை. 1918-ஆம் வருட ரூபாய் இரண்டும் நல்ல வெள்ளி. அவற்றை எடைபோட்டு அன்றைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டார். அக்காவின் ஃபீஸ் முழுசும் வரவில்லை. ஆனால் புத்தகச் செலவுக்கு ஆச்சு. "நெசத்தைச் சொன்னாரே, அது போதும்" என்றது அப்பத்தா.

அப்பத்தா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்காவிடம், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு 2 லட்சம் தருகிறோம் என்று போனில் சொன்னார்கள். முதலில் வரி என்று 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினார். அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, தங்கள் பெயரில் பணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. காசு வாங்குபவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடமே பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

இன்னொன்றும் முக்கியம். மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் அது வேறு கதை. 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏன் என்றால், கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த வெள்ளிக் காசில்தான் மாக்கோதை என்ற சேர மன்னன் முகத்தையும், தமிழ் பிராமியில் அவன் பெயரையும் பார்த்தார்கள். அது கிடைத்த இடம் தெரிந்ததால் அது வரலாறு ஆச்சு. யாராவது ரகசியமாக உருக்கியிருந்தால் வெறும் வெள்ளிதான்.

உங்களுக்குத் தெரியுமா?
• ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா. 1957 ஏப்ரல் 1 முதல்தான் 100 பைசா.
• போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தத்தான் காலணாவில் ஓட்டை போட்டார்கள் (1943 முதல் 1947 வரை).
• உங்கள் பையில் உள்ள காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா நாணயச் சாலை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய காசு இருந்தால், விலை கேட்பதற்கு முன்னால் அந்தக் காசுக்கு அந்தக் காலத்தில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலணாவுக்குக் கை நிறையக் கடலை வாங்கின கதையை அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேய்க்காதீர்கள், ஏமாறாதீர்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி