பித்தநாளப் பரிசோதனையில் எது சிக்கனம்?

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், வைத்தியரைப் பார்க்குமுன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல வீட்டுப் பெரியவர்கள் இல்லாமற்போவதில்லை. ஆனால் மஞ்சளோடு உடம்பெங்கும் அரிப்பெடுத்து, மலம் களிமண்ணாக வெளுத்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்குமாயின், கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் நாளத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அது கல். சில சமயம் புற்று. இரண்டுக்கும் கீழாநெல்லி பிரயோசனப்படாது.

முதற்படி, ஆவடியிலேயே எடுத்துவிடக்கூடிய வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தப்பைக் கல்லை அது நன்றாகவே காட்டும். நாளத்தின் கீழ்க்கோடியையோ குடல்வாயு மறைத்துவிடுவதால், நாளம் விரிந்திருக்கிறது என்று சொல்வதோடு பல வேளைகளில் நின்றுவிடும்.

அடுத்தது என்ன? வாய்வழியே குழாயைச் சிறுகுடல் வரை செலுத்தி, நாளவாயில் சாயமருந்தைப் பாய்ச்சி எக்ஸ்ரே எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. முறைக்கு 1968-இல் அமெரிக்க ரணவைத்தியர் வில்லியம் மெக்கூன் வழிகாட்டினார்; 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதே குழாய்வழியே நாளவாயைக் கீறிக் கல்லை எடுக்கும் உபாயமும் கைவந்தது. இதன் அபாயம், நூற்றில் சுமார் 3 முதல் 10 பேருக்குக் கணையம் வீங்கிவிடுவது. படம் மட்டும் பார்க்கப் போனவர், கல் இல்லை என்று தெரிந்தும், கணைய வீக்கத்துக்காக ஒரு வாரம் கட்டிலில் கிடப்பாரானால் அந்தப் படத்தின் விலையை யார் கணக்கிடுவது?

1991-இல் அறிமுகமான எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன், உடம்புக்குள் எதையும் நுழைப்பதில்லை. நாலைந்து மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்து காந்தக் கூண்டுக்குள் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கினால் போதும்; அசையாத திரவம் வெள்ளையாக ஒளிவிட, கல் அதில் கரும்புள்ளியாகத் தெரியும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் சில சமயம் தப்பிவிடும் என்பதே அதன் குறை.

ஆனால் அதை எல்லோருக்கும் எடுப்பதும் சிக்கனமன்று என்பது என் அபிப்பிராயம். குளிர்ஜுரமும் காமாலையும் சேர்ந்து வந்து, அல்ட்ராசவுண்டிலேயே நாளத்துக் கல் பிரத்தியட்சமாகத் தெரிந்தவருக்கு எம்.ஆர்.சி.பி. வீண் செலவு, அவர் நேரே ஈ.ஆர்.சி.பி.க்குப் போகவேண்டியவர். ரத்தப் பரிசோதனை சற்றே பிசகி, நாளம் சற்றே விரிந்து, கல் உண்டா இல்லையா என்று வைத்தியரே தயங்கும் நோயாளிக்குத்தான் அது கொடுத்த காசுக்கு மேல் மீட்டுத் தருகிறது. ஈ.ஆர்.சி.பி.யை நோயறிவதற்கன்றிச் சிகிச்சைக்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2002-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கூறியது.

அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் தனியாரைவிட வெகு குறைந்த கட்டணத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. இழந்த நாட்கூலியை மட்டும் அந்தத் திட்டம் தருவதில்லை. ஆவடியில் மின்ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வரிசையில் நின்ற பிறகு, பழைய ஸ்கேன் படத்தை வீட்டு அலமாரியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வருகிறவர், அதே படத்தை மறுபடியும் எடுக்க நேரலாம்.