கணினி வட்டில் தடுப்புச் சுவர்



பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் படம் ஆகியவற்றின் நகல்களை வீட்டிலுள்ள ஒரு கணினியில் சேர்த்து வைத்து, குடும்பத்தார் அனைவரும் எடுத்துப் பார்க்கும்படி செய்யலாம். அத்தகைய கணினியைச் சர்வர் என்கிறோம். பழைய கணினியே போதும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸை விலையின்றிப் பெறலாம்.

லினக்ஸில் எல்லாக் கோப்புறைகளும் ‘ரூட்’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. ‘ஹோம்’ என்பதில் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும். ‘வார்’ என்பதில் கணினி தானே எழுதிவரும் குறிப்புகள் இருக்கும். அவை நாளுக்கு நாள் வளரும்.

எல்லாம் ஒரே பகுதியில் இருந்தால், அக்குறிப்புகள் பெருகி இடத்தை அடைத்து, மற்ற வேலைகளையும் முடக்கிவிடலாம். ஆகவே, லயத்து வீடுகளுக்கு நடுவே சுவர் எழுப்புவதைப் போல் வட்டைப் பிரிக்கிறோம். 500 கிகாபைட் வட்டு என்றால், ரூட்டுக்கு 40, வாருக்கு 20, மீதியில் பெரும்பகுதி ஹோமுக்கு என ஒதுக்கலாம். பிறகு லினக்ஸை மீண்டும் நிறுவ நேர்ந்தால், ரூட், வார் பகுதிகளை மட்டும் அழித்து எழுதலாம்; ஹோமைத் தொடாவிட்டால் படங்கள் தப்பும். அளவுக்கு மிஞ்சிய தடுப்பும் வேண்டாம். ஓர் அறையில் இடம் காலியாக இருந்தும் அடுத்த அறைக்கு உதவாது.

ஒன்றை நினைவிற் கொள்வோம். சுவர்கள் பலவானாலும் கூரை ஒன்றுதான். வட்டே பழுதானால் எல்லா அறைகளும் போகும். ஆகையால் ஹோமின் நகலை வேறொரு வட்டில் எடுத்து, உறவினர் வீட்டில் வைப்போம். அசல் பத்திரங்கள் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.