அப்பளமானால் ஆயுசு கெட்டி... தெரியுமா?

விபத்துச் செய்தி என்றாலே "கார் அப்பளம்போல் நொறுங்கியது" என்று ஒரு வரி வந்துவிடும். அப்படி நொறுங்க வேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் காரையே செய்கிறார்கள், தெரியுமா? முன்பக்கமும் பின்பக்கமும் கசங்கி மோதலின் வேகத்தைத் தின்றுவிட வேண்டும். ஆள் உட்காரும் நடுக்கூடு மட்டும் அசையக் கூடாது! மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1959இல் அது காராக ரோட்டுக்கு வந்தது.

ஹெல்மெட்டிலும் இதே சூத்திரம்தான். பளபளக்கும் மேல் ஓடு பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை, டி.வி. பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மாகோல் இனத்து நுரைக்கு! தலை மோதும்போது அதன் காற்றறைகள் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நீட்டிக்கின்றன. அந்தத் துளி அவகாசத்திலேயே மூளைக்குப் போகும் அடி வெகுவாகக் குறைந்துவிடும். நசுங்கிய நுரை மறுபடி எழாது. அதனால்தான் பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். (பெட்ரோல் டேங்க் மேலேயே சவாரி போகும் ஹெல்மெட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை!)

இந்தக் கதையில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ வீரரும் வருகிறார்! 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்கப் பைக்கைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார் அவர். தலைக்காயம், ஆறே நாளில் மரணம். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அதன்பின் அவர் பைக் விபத்துத் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு, தகவல் கொண்டு போகும் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது பிரிட்டிஷ் ராணுவம்!

குண்டு துளைக்காத உடுப்புக்கான இழை, டயருக்காகத் தேடும்போது கிடைத்தது தெரியுமா? 1965, அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம். வேதியியலாளர் ஸ்டெபானி குவோலெக் ஒரு கரைசல் தயாரித்தார். நல்ல கரைசல் என்றால் பாகுபோல் கெட்டியாக, தெளிவாக இருக்கும். இதுவோ நீர்மோர் மாதிரி கலங்கி ஓடியது! "என் இயந்திரத்தின் துளைகள் அடைத்துக்கொள்ளும்" என்று இழை நூற்க மறுத்தார் தொழில்நுட்பர். குவோலெக் விடவில்லை. கடைசியில் நூற்றுப் பார்த்தால்... எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை! அதுதான் கெவ்லர். பல அடுக்காக வைத்த அதன் நெசவு, பாயும் குண்டின் வேகத்தை நான்கு பக்கமும் இழுத்துப் பரப்பிவிடுகிறது.

விண்வெளி நிலையத்துக்கோ மெல்லிய தகடே கவசம்! விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் துகள் அதில் பட்டதும் தூளாகிச் சிதறும். உள்சுவருக்கு வந்து சேர்வது வெறும் சாரல். வானியலாளர் ஃபிரெட் விப்பிள் இதைச் சொன்னது 1940களில். முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததே 1957இல்தான்!

மரங்கொத்தியின் மண்டைக்குள் அதிர்வுதாங்கி இருப்பதாகப் படித்திருப்பீர்களே? 2022இல் அதிவேகக் கேமராவில் பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை! அதிர்வைத் தாங்கினால் கொத்தும் பலம் வீணாகுமே. அதன் தலை அசல் சுத்தியல். மூளை சின்னது, அதனால் பிழைத்துக்கொள்கிறது.