ஏன் குடிக்கிறார்? உளவியல் காட்டும் காரணங்கள்

தமிழ்நாட்டில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடிப் பல ஆண்டுகளாகின்றன. புதுச்சேரியில் இரண்டும் உரிமம் பெற்று நடக்கின்றன. பிற மதுவும் விலை குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குடியால் நொந்த வீடுகளில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "எல்லாம் திமிரு. மனசு வச்சா விட முடியாதா?" மனித நடத்தையை ஆராயும் உளவியலாளர்கள் குடியை விட முடியாததற்கு ஒரே காரணத்தைச் சொல்வதில்லை.

பழகிப்போன மூளை

உயிரியல் அணுகுமுறை மூளையிலிருந்து தொடங்குகிறது. மது மூளையின் வேகத்தைத் தணிக்கும். தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்ளும். பிறகு குடிக்காத நாளில்தான் கை நடுங்கும், தூக்கம் போகும். குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது. அப்பா குடித்தால் பிள்ளையும் குடிப்பான் என்று இதற்குப் பொருளில்லை. அவன் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் வரும் ஆசை

உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் காட்டினார். வேலை முடியும் நேரம், சம்பள நாள், கடை இருக்கும் திருப்பம், கூடக் குடிக்கும் நண்பர் எல்லாமே குடிப்பவருக்கு அப்படித்தான் ஆசையைத் தூண்டும். உடனே பலன் தரும் செயல் திரும்பத் திரும்ப நடக்கும் என்றார் அமெரிக்காவின் ஸ்கின்னர். ஒரு மடக்கில் நடுக்கம் நிற்கிறது. ஈரல் கெடுவதோ பல ஆண்டுகள் கழித்து. எது பழக்கமாகும் என்பது தெரிந்ததே. அதனால்தான் ஆலோசகர்கள், வீட்டுக்கு வேறு வழியாகப் போகச் சொல்கிறார்கள். தெருவுக்குத் தெரு கடை இருக்கும் ஊரில் அந்த வேறு வழி எங்கே? கடைகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரின் மன உறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

எண்ணமும் பேச்சும்

"ஒருநாள் தவறிட்டேன், இனிமே என்னால ஆகாது" என்ற எண்ணமே மறுபடி கடைக்கு இழுத்துப் போகும். இத்தகைய எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறையை 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்தார். ஃப்ராய்டின் வழிவந்தவர்கள் சிறுவயது மனக்காயங்களைத் தேடுவார்கள். வீட்டார் கைக்கொள்ளத்தக்கது உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்னது: குற்றம் சாட்டாமல் காது கொடுப்பது. போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. காலையில், தெளிந்திருக்கும்போது, "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள்.

சட்டென்று நிறுத்தலாமா?

பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து வரும் நாட்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், ஆள் அடையாளம் குழம்பலாம். இது உயிரையும் பறிக்கலாம். இதைச் சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ நினைத்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் மருந்துகளோடும் பி1 வைட்டமினோடும் நிறுத்தினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். குடிப்பவர் வர மறுத்தாலும், மனைவியோ பிள்ளையோ முதலில் கூப்பிடலாம்.