சர்க்கார் ஒளித்த வியாதி

வைத்தியரிடம் நோயாளி எதையும் ஒளிக்கலாகாது என்பதை நாம் அறிவோம். சர்க்காரே ஒளித்தால்? ஸோவியத் ருஷ்யாவின் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரத்தில் 1979 ஏப்ரலில் அதுதான் நடந்தது. இன்று அந்நகருக்கு யெகாடெரின்பர்க் என்று பெயர்.

அங்கிருந்த ராணுவக் கூடமொன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. நம் நாட்டுப்புறங்களில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்கிறோமே, அதே வியாதிதான். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கள்ளத்தனமாக விற்ற கெட்ட மாமிசமே காரணமென்று சர்க்கார் சாதித்தது. ஜனங்களும் மாமிசத்துக்கு அஞ்சினார்கள். சுவாசித்த காற்றை யார் சந்தேகிப்பார்கள்? ஆஸ்பத்திரிக் குறிப்புகளையோ ரகசியப் போலீஸார் வாரிக்கொண்டு போய்விட்டனர்.

ஆயினும், பிரேதப் பரிசோதனை செய்த பைனா அப்ரமோவா என்னும் பெண் டாக்டரும், அவருடைய சகா லெவ் கிரின்பர்க்கும், இறந்தவர்களின் திசுக்களையும் தங்கள் குறிப்புகளையும் பத்தாண்டுகளுக்கு மேல் மறைத்துக் காத்தார்கள். அகப்பட்டிருந்தால் அவர்கள் கதி என்னவாயிருக்கும்! அந்த நெஞ்சுறுதியை எண்ணி வியக்கிறோம். 1993-ல் அவர்களுடைய ஆராய்ச்சி வெளியாயிற்று. கிருமி மூச்சு வழியே புகுந்து மார்பில் வேரூன்றியதை அந்தத் திசுக்களே காட்டின.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, ராணுவந்தான் காரணமென்று ருஷ்ய ஜனாதிபதி யெல்ட்ஸின் ஒப்புக்கொண்டிருந்தார். 1979-ல் அந்தப் பிராந்தியத்துக் கட்சித் தலைவராக இருந்தவரும் அவரேதான்.