மந்திரம் இல்லாமல் மூச்சுப் பயிற்சி

நம் வீடுகளில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் கூடிவிட்டனர். யோகாவின் மூச்சுப் பயிற்சியை நாம் செய்யலாமா என்ற தயக்கமும் பலரிடம் இருக்கிறது.

சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 முறையாகக் குறைத்தால் உடல் தளர்கிறது. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 23 பேரிடம் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்தவ ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு ஒரேபோல் சுமார் 6-க்கு இறங்கியது. ஆகவே மந்திரம் எதுவுமின்றி, எண்ணிக்கொண்டே நாம் செய்யலாம்.

ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், வெறும் வயிற்றோடு, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். பத்து நிமிடம் போதும். கவனம் கடைத்தெருவுக்கு ஓடத்தான் செய்யும். திரும்ப மூச்சுக்குக் கொண்டுவாருங்கள். தியானம் என்பதும் இவ்வளவுதான்.

இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்குவதையும் கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். இதனால் இரத்த அழுத்தம் கொஞ்சம்தான் இறங்கும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.